டோகோவில் எத்தனை சனம்

எங்கள் வீட்டில் ஆங்கிலம் என் பொறுப்பு. அப்பாவுக்குக் கோழி வெட்டும் தொழிற்சாலையில் வேலை, அம்மாவுக்கு பிஸ்கற் பெட்டி அடுக்கும் இடத்தில் வேலை, எனக்கு மொழிபெயர்ப்பு வேலை. டொக்டரிடம் போனால் அம்மாவின் வயிற்றுக்குள் எந்தப் பக்கம் குத்துகிறது என்று நான்தான் விளக்கவேண்டும். ஹீற்றர் வேலை செய்யாவிட்டால் வீட்டுக்காரருக்கு ரெலிபோன் எடுத்துச் சண்டை பிடிப்பதும் நான்தான். கனடாவின் மல்வேர்ன் பகுதியில் எங்கள் வரிசை வீடுகளில் இருந்த தமிழ்ப் பிள்ளைகள் எல்லாருக்கும் அந்தக் காலத்தில் இதே உத்தியோகம். சம்பளம் கிடையாது, லீவும் கிடையாது. ஆனால் பதினொரு வயதில் எனக்கு அதில் தலைக்கனம் நிறைய இருந்தது. நான் இல்லாவிட்டால் இந்த வீட்டுக்கு வாயே இல்லை என்று நினைத்துக்கொண்டு திரிந்தேன்.

ஆறாம் வகுப்பில் இருந்தபோது ஆசிரியை ஆளுக்கொரு நாட்டைத் தெரிவு செய்யச் சொன்னார். அந்த நாட்டில் சனத்தொகை எவ்வளவு, வருடா வருடம் எப்படிக் கூடுகிறது, எந்தப் பகுதியில் சனம் நெருக்கமாக இருக்கிறது, எங்கே குறைவு என்று ஒரு பெரிய மட்டையில் காட்டவேண்டும். பந்து விளையாடுகிற பெடியள் எல்லாம் பிரேசிலுக்குப் பாய்ந்தார்கள். இத்தாலிக்கு அடிபிடி. நான் டோகோ என்று சொன்னேன். ஆசிரியை காதில் சரியாக விழவில்லையோ என்று இரண்டாம் தரமும் கேட்டார். எனக்கு அதில் அதிசயம் ஒன்றும் தெரியவில்லை. கனடாவையும் இலங்கையையும் விட்டால் எங்கள் வீட்டில் பேர் சொல்லிக் கதைக்கும் நாடு அது ஒன்றுதான். அம்மாவின் ஒரே தம்பி, என் மாமா, அங்கே நின்றார்.

நின்றார் என்று சொல்வதைவிட நிறுத்திவைக்கப்பட்டிருந்தார் என்று சொல்வதுதான் சரி. கனடாவுக்குக் கொண்டுவந்து சேர்ப்பதாகச் சொன்ன ஏஜென்சிக்காரன் அவரை யாழ்ப்பாணத்திலிருந்து கூட்டிக்கொண்டு போய், மேற்கு ஆபிரிக்காவில் இருக்கும் அந்த நாட்டின் தலைநகரத்தில், கடற்கரைக்குக் கிட்டவாக ஒரு வீட்டில் இன்னும் பல பெடியளோடு விட்டிருந்தான். முதல் சில மாதங்கள் மாமா ஒழுங்காகக் கதைத்தார். என்னோடும் கதைப்பார். கடலும் தென்னையும் வெயிலும் எங்களூர் போலவேதான், சனத்தின் பாசைதான் பிடிபடவில்லை என்பார். பனியில் காது உறைந்து உடைந்து விழுமாமே, உண்மையோ என்று என்னைக் கேட்பார். நான் உண்மை என்று சொல்லிப் பயப்படுத்துவேன். கடைசியாகக் கதைத்த நாள், வடக்குப் பக்கமாக வாகனத்தில் கொண்டுபோகப் போகிறார்கள், அங்கிருந்து வேறு வழியாம் என்றார். அதற்குப் பிறகு அவருடைய ரெலிபோனும் இல்லை, ஏஜென்சிக்காரனின் ரெலிபோனும் இல்லை. அம்மா குளிக்கப் போகும்போதும் போனைக் கையோடு கொண்டுபோகத் தொடங்கியது அப்போதுதான்.

என் பாடத்தைக் கேள்விப்பட்ட அப்பா ஏசினார். அந்த நாட்டின் பேரையே வெளியில் எடுக்கக்கூடாது, கதை வெளியில் போனால் மாமாவின் அலுவல் குழம்பிவிடும் என்று ஏஜென்சிக்காரன் சொல்லியிருந்தானாம். ஏஜென்சிக்காரனே காணாமல் போன பிறகும் அப்பா அவன் சொல்லுக்குக் கட்டுப்பட்டுக்கொண்டிருந்தார். வழக்கத்தில் அப்பா ஏசினால் அம்மா சமையலைச் சாட்டிக் குசினிக்குள் போய்விடுவார். அன்றைக்குப் போகவில்லை.

"பிள்ளை செய்யட்டும். எனக்கும் உந்த நாட்டை ஒருக்காப் பாக்கவேணும்" என்றார்.

டோகோ ஒரு முருங்கைக்காயை நிமிர்த்தி வைத்ததுபோல ஒடுங்கி நீண்ட நாடு. காலடியில் கொஞ்சம் கடல். அந்தப் பக்கம்தான் தலைநகரம், சனமும் அங்கேதான் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கிறது. நடுப்பகுதியில் சனம் ஆகக் குறைவு. மேலே வடக்கு எல்லையை நோக்கிப் போனால் திரும்பவும் கூடும். நான் மட்டையில் படத்தைக் கீறி ஐந்து பகுதிகளாகப் பிரித்து, சனத்தைப் புள்ளி புள்ளியாக வைக்க இருந்தேன். புள்ளிக்குப் பதிலாகக் கடுகு ஒட்டலாம் என்றவர் அம்மா. சமையலுக்கு வைத்திருந்த போத்தலை அப்படியே கவிழ்த்துத் தந்தார். வேலை முடிந்து வரும்போது அம்மாவின் கால் வீங்கியிருக்கும். அந்தக் காலோடு நிலத்தில் இருந்து பசை தடவி ஒவ்வொன்றாக ஒட்டினார். கடற்கரையில் இடம் போதாமல் கடுகு ஒன்றன்மேல் ஒன்று ஏறியது.

ஒட்டிக்கொண்டே கேள்வி கேட்பார். இந்தப் பக்கம் ஏன் இவ்வளவு சனம், அந்தப் பக்கம் ஏன் இல்லை, வடக்கே போகிற ரோட்டு எந்தப் பக்கத்தால் போகிறது, வழியில் பெரிய ஊர் எது. துறைமுகம், மலை, மழை, தோட்டம் என்று படித்ததையெல்லாம் நான் எடுத்துவிட்டேன். என் பள்ளிக்கூடப் பாடம் எதிலும் அம்மா அதுவரை வாய் வைத்ததில்லை. எனக்குப் புளுகமும் பெருமையும் தாங்கவில்லை. இவ்வளவு கெட்டிக்கார மாணவியைப் பிஸ்கற் பெட்டி அடுக்க விட்டுவிட்டார்களே என்றுகூட நினைத்தேன்.

"கடற்கரைப் பக்கம் நிண்டால் தேடிப் பிடிக்கேலாது" என்றார் அம்மா ஒருநாள், எனக்குச் சொல்கிறாரா தனக்கே சொல்கிறாரா என்று தெரியாமல். "நடுவிலை எண்டால் சனம் குறைவு. புதுமுகம் ஒண்டு வந்தால் ஊருக்கே தெரியவரும்."

பிறகு ஒரு கடுகை விரல்நுனியில் எடுத்து, இது எத்தனை பேர் என்று கேட்டார். ஆயிரக் கணக்கில் என்றேன்.

"அப்ப ஒராளுக்கு?"

"ஒராளைக் காட்டேலாது அம்மா" என்றேன்.

அம்மா அந்தக் கடுகை நடுப்பகுதியில் ஒட்டினார்.

பெற்றோர் வந்து பார்க்கும் பின்னேரத்துக்கு அம்மா வேலையில் அரைநாள் கேட்டு எடுத்துக்கொண்டு வந்தார். பள்ளிக்கூட மண்டபம் முழுக்க பிரேசில். என் டோகோவுக்கு முன்னால் ஒருவரும் நிற்கவில்லை. கடைசியில் உயரமான கறுப்பின மனிதர் ஒருவர், விமான நிலையத்தில் பெட்டி ஏற்றுகிறவர்களின் மின்னும் ஜக்கற்றோடு, எங்களைக் கடந்து போய்விட்டுத் திரும்பி வந்தார். என் வகுப்புப் பையன் ஒருவனின் தகப்பன். டோகோவில் பிறந்து வளர்ந்தவர். அவருடைய மகன் பிரேசிலை எடுத்திருந்தான். தன் நாட்டை யாரோ தமிழ்ப் பிள்ளை கடுகில் செய்து வைத்திருப்பதைப் பார்த்து அவருக்குச் சிரிப்பு அடங்கவில்லை. நடுப்பகுதியைத் தொட்டுக் காட்டி, இதுதான் எங்கள் ஊர், நீ எங்களுக்குக் கடுகு குறைத்துப் போட்டுவிட்டாய் என்று பகிடி விட்டார். வடக்கே போகிற ரோட்டு அந்த ஊருக்குள்ளால்தான் போகிறதாம். அவருடைய தமையன் அந்த ரோட்டோரத்தில் ரயர் ஒட்டும் கடை வைத்திருக்கிறாராம்.

நான் இதை அம்மாவுக்குச் சொல்லி முடிக்கவில்லை, அம்மா என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தார்.

"அந்த அண்ணையிட்டைக் கேள், எங்கடை ஆக்கள் ஆரும் அந்தப் பக்கம் வந்தவையோ எண்டு."

கேட்டேன். அதற்குப் பிறகு அம்மா நிறுத்தவில்லை. அப்பா மூடி வைக்கச் சொன்ன கதை முழுவதையும் கொட்டினார், நான் மூச்சுவிட நேரமில்லாமல் ஆங்கிலத்தில் கொட்டினேன். மாமாவின் பேர், வயது, சின்ன வயதில் சைக்கிளால் விழுந்து புருவத்தில் வந்த காயம். பகிடிக்காரர் என்பதை நானாகச் சேர்த்துக்கொண்டேன். அம்மா கைப்பையிலிருந்து மாமாவின் படத்தை எடுத்து நீட்ட, அவர் அதைத் தன் போனில் படம் பிடித்தார். இப்போது அவர் சிரிக்கவில்லை. தமையனிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றார். நாங்கள் பஸ்ஸில் வீட்டுக்கு வரும்போது அம்மா என் தோளில் தலையைச் சாய்த்து நித்திரையாகிவிட்டார். அவர் அப்படி நித்திரை கொண்டு பல மாதம் ஆகியிருந்தது.

சில வாரங்கள் போயின. பனி கொட்டிக் கிடந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அந்த டோகோக்காரர் எங்கள் வீட்டுக்கு வந்தார். அப்பா ஓவர்ரைம் என்று வேலைக்குப் போயிருந்தார். வந்தவர் சப்பாத்தைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, ஜக்கற்றைக் கழற்றாமலே செற்றியின் நுனியில் இருந்தார். அம்மா எதிரில் இருந்தார். நான் கதிரையை இழுத்து இருவருக்கும் நடுவில், டொக்டரிடம் இருப்பதுபோல, நிமிர்ந்து இருந்தேன்.

அப்பா எப்போது வருவார் என்று அவர் என்னைக் கேட்டார். பொழுதுபடும் என்றேன். அப்படியென்றால் பிறகு வருகிறேன் என்று எழும்பப் பார்த்தார்.

"என்னெண்டாலும் இப்பவே சொல்லச் சொல்லு" என்றார் அம்மா.

நான் அதை அழகான ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் என் பக்கம் திரும்பினார். பிறகு, "இல்லை மகளே, இது நீ சொல்லவேண்டியதில்லை" என்றார். தன் போனை எடுத்து யாருக்கோ அடித்து இரண்டு வார்த்தை பேசிவிட்டு அம்மாவிடம் நீட்டினார். மறுமுனையில் இருந்தவர் அவரோடு விமான நிலையத்தில் வேலை செய்யும் ஒரு தமிழர். முன்பே சொல்லி ஆயத்தப்படுத்தி வைத்திருந்திருக்கிறார். அம்மா போனோடு குசினிக்குள் போனார்.

எனக்கு வந்த கோபத்தை இன்றைக்கும் மறக்கவில்லை. நான் பக்கத்திலேயே இருக்கிறேன். டொக்டர் சொல்வதையே சொல்கிறவள். என்னை விட்டுவிட்டு முகம் தெரியாத ஒருவரிடம் என் வேலையைக் கொடுத்துவிட்டாரே என்று கண் கலங்கியது. என் ஆங்கிலத்தில் என்ன குறை கண்டார் என்று அவரை முறைத்தேன். அவர் சுவரில் சாத்தியிருந்த மட்டையைக் காட்டி, இதை எனக்கு முழுக்க விளங்கப்படுத்து என்றார். தானும் நிலத்தில் இறங்கி இருந்து, என்னையும் குசினிக்கு முதுகு காட்டி இருக்க வைத்தார்.

சனம் எங்கே கூட, ஏன் கூட, நடுவில் ஏன் குறைவு, வடக்கில் எப்படி, தலைநகரத்துக்கு ஏன் எல்லாரும் போகிறார்கள் என்று ஒன்று மாறி ஒன்று கேட்டார். நான் சொல்லி முடித்ததும் அதையே திரும்பவும் கேட்டார். பிறந்த நாட்டைப் பற்றி இவ்வளவு தெரியாத ஒரு மனிதரா என்று எனக்கு இளக்காரமாக இருந்தது. வேண்டுமென்றே சத்தமாகப் பாடம் நடத்தினேன். குசினிக்குள்ளிருந்து "ஓம்... ஓம்... விளங்குது" என்று அம்மாவின் குரல் வந்தது. பிறகு தண்ணீர்க் குழாய் திறந்து நெடுநேரம் ஓடியது. அவ்வளவு நேரமும் அவர் கேள்வி கேட்டுக்கொண்டேயிருந்தார்.

போனில் அம்மாவுக்குச் சொல்லப்பட்டது என்ன என்பது எனக்குத் தெரியவந்தது நான் பல்கலைக்கழகத்துக்குப் போன பிறகு. மாமாவையும் இன்னும் சில பெடியளையும் அந்த ஊரில் ஒரு வீட்டில் வைத்துப் பூட்டிவிட்டு ஏஜென்சிக்காரனின் ஆட்கள் போயிருக்கிறார்கள். மாமாவுக்கு மலேரியாக் காய்ச்சல். உள்ளேயிருந்து சத்தம் கேட்டு ஊர்ச்சனம் கதவை உடைத்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியபோது பிந்திவிட்டது. அம்மா கணக்குப் போட்டது சரிதான். சனம் குறைந்த ஊரில் புதுமுகம் ஊருக்கே தெரிந்திருக்கிறது. படத்தைப் பார்த்தவுடனேயே ரயர் கடைக்காரர் புருவத்துக் காயத்தை அடையாளம் கண்டுவிட்டார். அவரும் ஊர்க்காரரும் சேர்ந்துதான் மாமாவை அடக்கம் செய்தார்களாம்.

அன்றைக்கு அம்மா முகத்தைக் கழுவிக்கொண்டு குசினியிலிருந்து வெளியே வந்தார். அந்த மனிதருக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார். அவர் கடைசிச் சொட்டுவரை குடித்தார். அவர் போக எழும்பியபோது, அந்த ஊர்ச்சனத்துக்கு நன்றி என்று சொல்லச் சொல்லி அம்மா என்னிடம் கேட்டார். அன்று எனக்குக் கிடைத்த வேலை அது மட்டும்தான். நான் சொன்னேன். அவர் நெஞ்சில் கை வைத்துத் தலை குனிந்துவிட்டுப் பனிக்குள் இறங்கிப் போனார். என்னவாம் என்று கேட்டதற்கு, அது பெரியாக்களின் கதை என்றார் அம்மா. அந்த மனிதர் மேல் எனக்கு இருந்த கோபம் இன்னும் கூடியது. வருடக் கணக்காக அவரைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

அந்த மனிதர் போனதும் அம்மா மட்டைக்கு முன்னால் போய் நின்றார். படத்துக்குக் கீழே, சனத்தொகையைக் காட்ட வருடத்துக்கு ஒன்றாக நான் பச்சை நிறத்தில் கீறியிருந்த தூண்களைப் பார்த்தார்.

"வருசா வருசம் சனம் கூடுது எண்டே எழுதியிருக்கிறாய்?"

"ஓம்."

"நடுவிலையுமோ?"

அது சோதனையில் வரும் கேள்வி. எனக்கு விடை நல்ல மனப்பாடம்.

"ஓம் அம்மா, நடுவிலையும்தான். ஒரு இடத்திலையும் குறையேல்லை."

அம்மா என் தலையைத் தடவி, நல்லாப் படிச்சிருக்கிறாய் பிள்ளை என்றார். வீட்டில் ஒருவராவது என் கெட்டித்தனத்தை மதிக்கிறாரே என்று எனக்குச் சந்தோசமாக இருந்தது.