சிவப்புத் துணியைத் தாண்டிய ஜிம்மி

மலேசியாவின் கேமரன் மலையில், தேயிலைத் தோட்டத்தை ஒட்டிய சொகுசுக் கூடாரத்தில் தங்க, எங்கள் நாய் ஜிம்மியையும் கூட்டிப் போயிருந்தோம். காலையில் அவன் சிவப்புத் துணி கட்டிய குச்சியைத் தாண்டித் தேயிலைக்குள் ஓடினான். நான் ரசித்துப் படம் எடுத்தேன். அவன் திரும்பி வந்து தன் பாதத்தை நக்கப் போனபோது, தோட்டத்து அக்கா ஒருவர் பாய்ந்து வந்து அவன் வாயை இறுக்கிப் பிடித்தார்.

“நாய ஏன் கொடுமப்படுத்துறீங்க?” என்று கத்தினேன்.

“இப்பதான் புல்லுக்கு மருந்து அடிச்சோம் லா. செவப்புத் துணி கட்டுனா உள்ள போவக்கூடாது. நக்குனா செத்துரும். குழாயத் தொறங்க தம்பி.”

ஓடிப்போய்க் குழாயைத் திறந்தேன். அவன் பாதங்களைக் கழுவி முடித்தபோது அவர் கையில் ஜிம்மியின் பல் தடம், ரத்தம்.

“வாயில்லா ஜீவன், அதுக்கென்ன தெரியும்?” என்றார்.

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று ஊருக்கெல்லாம் சொல்பவன் நான். அன்று வாய் இருந்தும், மன்னிப்புக் கேட்க வரவில்லை.