மண்டியிட்டால் அடிக்கும் டிரம்

எண்பதுகளில், சுங்குவார்சத்திரத்தில் எங்கள் மாதா கோயில் பாடகர் குழுவின் எலக்ட்ரானிக் டிரம்முக்கு தட்டுவதற்கான பேடை நானே செய்தேன். பலகைமேல் சைக்கிள் டியூப், அடியில் அதிர்வை உணரும் தகடு. குச்சியால் தட்டினால் அடித்தது. பேட் இருந்த மரமேடையில் பாடகர்கள் மண்டியிட்டாலும் அடித்துத் தொலைத்தது.

"இன்னொரு பூசையில அடிச்சா தூக்கி வெளியே போட்ருவேன்" என்றார் ஃபாதர்.

டியூபை மாற்றினேன், பஞ்சு வைத்தேன். சனியன் அடங்கவில்லை. மறுவாரம் பூசைக்கு முன்பும் திருகிக்கொண்டிருந்தேன்.

"பேட்ட இன்னாத்துக்கு நோண்டிக்கினு கீறீங்க? ஆடுறது மேடைதான" என்றார் முன்பின் தெரியாத ஒரு பெண். வாசலில் கழற்றிவிட்ட தன் ரப்பர் செருப்புகளை எடுத்துவந்து, பேட் இருந்த பெஞ்சின் கால்களுக்கு அடியில் செருகினார்.

எல்லோரும் மண்டியிட்டார்கள். சத்தமே இல்லை.

பூசை முடிந்து அவரைத் தேடினேன். வெறுங்காலோடு பென்னலூர் பஸ் ஏறிவிட்டாராம். வாசலில் என் செருப்பு பத்திரமாகக் கிடந்தது.