ஒரு கை ஈர உப்பு

இரண்டு வருடத்துக்கு முன்பு, நாகர்கோவிலில் நான் எம்.எஸ்சி. நுண்ணுயிரியல் படித்துக்கொண்டிருந்தபோது நடந்தது இது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். அப்பாவும் அம்மாவும் சாமிதோப்புப் பக்கம் உப்பளத்தில் வேலை செய்கிறார்கள்.

பூமியிலேயே வேற்றுக் கிரகம் போல இருக்கும் இடங்களைப் பற்றி வகுப்பில் ஆளுக்கு ஒரு பேச்சு. மற்றவர்கள் பனிப்பாலைவனம், எரிமலை, ஆழ்கடல் என்று படங்களோடு தயாரானார்கள். நான் எழுந்து, எங்கள் ஊர் உப்பளம் என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு ரோஷம் வந்துவிட்டது.

வெயில் ஏற ஏற பாத்தித் தண்ணீர் வற்றி இளஞ்சிவப்பாக மாறும். மீன் வாழ முடியாத அந்த உப்பில் கண்ணுக்குத் தெரியாத சிவப்பு உயிர்கள் ஜாலியாக நீந்தும். செவ்வாய் கிரகத்தில் என்றைக்காவது உயிர் இருந்திருந்தால், இப்படி ஓர் உப்புத் தண்ணீரில்தான் கடைசிவரை தாக்குப்பிடித்திருக்கும் என்று நினைக்கும் விஞ்ஞானிகள் உண்டு. இதையெல்லாம் சொன்னதும், "படம் வேண்டாம், உயிரோடு காட்டு" என்றார் பேராசிரியை. காட்டுகிறேன் என்று சவால் விட்டேன். அம்மாவைக் கூட்டிவரவும் அனுமதி வாங்கினேன்.

காட்ட வேண்டிய நாள் காலை அம்மா இருப்பதிலேயே நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு பஸ் ஏறினாள். என் மடியில், பாத்தியில் பிடித்த சிவப்புத் தண்ணீர் பாட்டில். கண்டக்டர் எட்டிப் பார்த்து, "ரோஸ்மில்க்கா மக்கா? எனக்கும் ஒரு மடக்கு தா" என்றார். பஸ்ஸே சிரித்தது. அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் டிரைவர் ஒரு பிரேக் போட்டார். மூடி தெறித்து முக்கால்வாசித் தண்ணீரும் அம்மாவின் சேலையில்.

பாட்டிலின் அடியில் கொஞ்சம் கிடந்தது. அது போதும் என்று மூச்சு விட்டேன். அதற்குள் பக்கத்தில் மீன் பாத்திரத்தோடு இருந்த அக்கா, "கொறஞ்சு போச்சே மோளே, நான் நெறச்சுத் தாறேன்" என்று தன் குடிதண்ணீரை அதில் மளமளவென்று ஊற்றிவிட்டார்.

"ஐயோ, உள்ள இருக்குற உயிரெல்லாம் செத்துப்போகும்!" என்று நான் போட்ட கூச்சலில் பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. உப்பிலேயே வாழும் அந்த உயிர்களுக்கு நல்ல தண்ணீர்தான் எமன். பட்டதுமே வெடித்துவிடும்.

"உயிரா? அதுக்குள்ளயா?" அக்கா நெஞ்சில் கை வைத்தார். "மாதாவே! இனி பாவசங்கீர்த்தனத்துல சாமியாருட்ட என்ன சொல்லுவேன்? பாட்டிலுக்குள்ள கெடந்தத தண்ணி ஊத்திக் கொன்னேன்னா?"

எனக்கு அழுகை முட்டியது. அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "திரும்பிப் போயி எடுத்துட்டு வருவமா, ஏட்டி?" என்றாள். நேரம் இல்லை. வகுப்பே சிரிக்கும், அதுவும் அம்மாவின் முன்னால்.

"உப்பு போட்டா பொழைக்குமா?" என்று அக்கா, மிஞ்சும் மீனுக்குப் போட வைத்திருந்த பையை அவிழ்த்து ஒரு கை அள்ளி நீட்டினார். செத்தது பிழைக்காது என்று சொல்ல வாயெடுத்தவள் அந்த உப்பைப் பார்த்து நின்றுவிட்டேன். ஈரம் காயாத கல்லுப்பு. ஓரத்தில் லேசாகச் சிவப்பு.

"இது எங்கேந்துக்கா?"

"வரும்போ சாமிதோப்பு உப்பளத்துல வாங்கினதாக்கும். ஏன், கொள்ளாதா? நல்ல உப்பில்லியா?"

உப்பு விளையும்போது கொஞ்சம் தண்ணீரையும் உள்ளே வைத்துப் பூட்டிக்கொள்ளும். அதில் மாட்டிய உயிர்கள் சாகாமல் கிடக்கும். படித்திருக்கிறேன், பார்த்ததில்லை. அக்காவே ஒரு பிளாஸ்டிக் பையில் கட்டித் தந்து, "பொழைச்சா எனக்காக ஒரு வார்த்த சொல்லு" என்று வடசேரியில் இறங்கிக்கொண்டார்.

வகுப்பில் பளிங்கு போல ஒரு கல்லைத் தேர்ந்தெடுத்து நுண்ணோக்கியின் அடியில் வைத்தேன். கல்லுக்குள் குட்டியாக ஒரு தண்ணீர்ப் பொட்டு. அதற்குள் சிவப்புப் புள்ளிகள். ஒன்று அசைந்தது. இன்னொன்று சுழன்று நீந்தியது.

முதலில் அம்மாவைத்தான் பார்க்கச் சொன்னேன். உப்புக்கறை படிந்த சேலையோடு குனிந்தவள், "ஏட்டி, இதுவ ஓடுதுவ! இத்தன நாளும் இதுகளயா மிதிச்சிட்டு நடந்தேன்?" என்று கூவினாள். சிரித்த வகுப்பு வரிசையில் நின்று பார்த்தது.

அந்த அக்காவை அதற்குப் பிறகு பார்க்கவே இல்லை. வேறு கிரகத்தில் உயிர் இருக்குமா என்று இப்போது யார் கேட்டாலும், வானத்துக்கு முன்னால் எனக்கு நினைவு வருவது, மீன்வாசத்தோடு என் முன்னே நீண்ட அந்த ஈரக் கைதான்.