காமென் அண்ணன் தலையாட்டியது

ரீபை வேண்டுமா என்று கேட்டால் காமென் அண்ணன் வாய் திறந்து பதில் சொல்லி நான் பார்த்ததில்லை. ஆறு வருடமாக அதே வழக்கம். வேண்டுமென்றால் தலை இடவலமாக ஒருமுறை ஆடும். வேண்டாமென்றால் மோவாய் மேலே தூக்கும், ‘ட்ச்’ என்று ஒரு சத்தம். அவ்வளவுதான்.

லிஃப்ட் பழுது பார்ப்பவர். எங்கள் ஊர் ரூசேயில் பாதிக் கட்டடங்கள் அவர் கைபட்டுத்தான் ஏறி இறங்கின. ஞாயிறு மதியம் டயர் கடை மாடியில் எங்கள் போக்கர் போட்டி. முதல் ஒன்றரை மணி நேரத்துக்குள் காயின் தீர்ந்தால் மறுபடி பணம் கட்டி வாங்கலாம், அது ரீபை. பிறகு வரும் இடைவேளையில், கையில் எவ்வளவு இருந்தாலும், ஒரே ஒருமுறை கூடுதலாக வாங்கலாம், அது ஆட்-ஆன்.

எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான். படித்தது புள்ளியியல். எப்போது வாங்கினால் லாபம் என்று நோட்டு நிறையக் கணக்கு வைத்திருந்தேன். ஆனால் தோற்ற ஆத்திரத்தில் நான்கு ரீபை எடுத்துவிடுவேன். அவர் மேசையை ஒரு சுற்றுப் பார்ப்பார். காயினைக் குவித்து வைத்திருப்பவன் அசடென்றால் வாங்குவார். கெட்டிக்காரனென்றால் கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்.

“எப்படிண்ணே முடிவு பண்றீங்க?”

“உன் நோட்டுல இல்லாததா, பட்டதாரி?”

எல்லோரும் சிரித்தார்கள். அவரை மேஸ்திரி என்பார்கள், என்னைப் பட்டதாரி. இரண்டும் பட்டப்பெயர்தான். என்னுடையது மட்டும் ஏன் எனக்குச் சுட்டது?

ஒரு ஞாயிறன்று முதல் பரிசு, வார்னாவில் நடக்கும் பெரிய போட்டியில் ஓர் இடம். அது எனக்கு வேண்டும். அதைவிட, அவருக்குக் கிடைக்கக் கூடாது.

சீட்டுப் போட எலிட்ஸா புதிதாக வந்திருந்தாள். மியூனிக்கில் வளர்ந்தவள், எங்கள் மொழியைச் சுத்தமாகப் பேசுவாள். இடைவேளையில் என்னிடம் முப்பதாயிரம் காயின், அண்ணனிடம் எட்டாயிரம். ஆட்-ஆன் பத்தாயிரம், எடுத்தால்தான் அவர் பிழைப்பார்.

“ஆட்-ஆன் வேணுமாண்ணே?” என்று அவரிடம் கேட்டாள் எலிட்ஸா.

அவர் தலையை இடவலமாக ஆட்டிவிட்டு சிகரெட் பிடிக்கக் கீழே இறங்கினார். வந்து பணம் கொடுப்பதுதான் அவர் வழக்கம். எலிட்ஸா அடுத்த ஆளிடம் நகர்ந்தாள். எங்கள் ஊரில் அந்த ஆட்டலுக்கு ‘ஆமாம்’ என்று அர்த்தம், அவள் வளர்ந்த ஊரில் ‘வேண்டாம்’.

நான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு வார்த்தை போதும். என் முறை வந்தபோது, “எனக்கு ஒண்ணு” என்று மட்டும் சொன்னேன்.

இடைவேளை முடிந்து மணி அடித்தபின் அவர் இருபது லெவா நோட்டோடு வந்தார்.

“எங்கம்மா என் காயின்?”

“நீங்கதானே வேண்டாம்னு தலையாட்டினீங்க!”

“நானா? அடி ஜெர்மன்காரி!”

மேசையே சிரித்தது. அவரும் சிரித்தார். பக்கத்தில் நான் மட்டும் சிரிக்கவில்லை. அவர் கண் என்மேல் வந்து நின்றது. மணி அடித்தால் அடித்ததுதான், அவர் வாதாடவில்லை. அரைமணியில் எட்டாயிரத்தையும் முன்னால் தள்ளினார். அதை வாரியவன் நான். போட்டியை வென்றதும் நான்தான்.

கோட்டை மாட்டும்போது என் காதருகே குனிந்தார்.

“பட்டதாரி, உனக்கு ஒரு திட்டு கடன் வச்சிருக்கேன். அடுத்த வாரம் தர்றேன்.”

அடுத்த வாரம் எனக்கும் சேர்த்துக் காபி வாங்கிவந்தார். அதற்கடுத்த வாரமும் காபிதான். வார்னாவில் நான் முதல் மணி நேரத்திலேயே தோற்றுத் திரும்பியபோதும் ஒன்றும் கேட்கவில்லை. இலையுதிர்காலத்தில் மகள் வீட்டோடு இருக்க பர்காஸ் போய்விட்டார்.

அந்தத் திட்டு இன்னும் வந்து சேரவில்லை.