கண்ணுல புடிச்ச துரு

இத எழுத வேணாம்னுதான் இருந்தேன். பத்தாவதோட பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் எழுதி யாரு படிக்கப் போறா? ஆனா போன வாரம் டீக்கடைல ரெண்டு பேரு அடிச்சுக்காத குறை. கண்ணாடிக் கடைல கண்ணு டெஸ்ட் பண்றவங்களுக்கு மருந்து எழுத, கண்ணுல கை வைக்கச் சட்டத்துல இடம் குடுக்கலாமா கூடாதான்னு. ரெண்டு பேருக்கும் கண்ணு நல்லாத்தான் இருந்துச்சு. அதான் கடுப்பாயி எழுதுறேன்.

எடமலைப்பட்டி புதூர்ல கிரில் பட்டறைல எனக்கு வேலை. கேட்டு, ஜன்னல் கம்பி, மாடிக் கைப்பிடி. இடது கண்ண மூடிக்கிட்டு வலது கண்ணால கம்பிய நீளத்துக்கும் பாத்தேன்னா, எங்க கோணல்னு சொல்லிருவேன். "உன் வாய்க்குச் சம்பளம் இல்லடா, அந்தக் கண்ணுக்குத்தான்"ன்னு மொதலாளியே சொல்லிருக்காரு.

அந்தக் கண்ணுலதான் பொறி விழுந்துச்சு. கம்பி அறுக்கும்போது கண்ணாடி போட்டிருந்தேன். நெத்தியில.

எங்க பட்டறைல கண்ணுல எது விழுந்தாலும் மூத்த வெல்டர் அண்ணன்தான் ஆஸ்பத்திரி. அவரு தொடையில தலைய வச்சுப் படுக்கணும். தீக்குச்சிய பிளேடால சீவி, நாக்குல தொட்டு, இமையப் பொரட்டி எடுப்பாரு. எத்தன பேருக்கு எடுத்திருக்காருன்னு பெருமையா சொல்லுவாரு. எத்தன பேருக்குக் கெடுத்திருக்காருன்னு யாரும் கேட்டதில்ல. "வந்துருச்சு, எந்திரி"ன்னாரு. எந்திரிச்சேன்.

சாயங்காலம் கண்ணு தக்காளி. மருந்துக் கடைக்காரரு செல்போன்ல இருந்து பாதித் தலையத் தூக்கிப் பாத்து ஒரு சொட்டு மருந்து குடுத்தாரு. ஒரு கேள்வி கேக்கல. மறுநாள் கம்பியத் தூக்கிப் பாக்குறேன், ஒரு கம்பி ரெண்டாத் தெரியுது. இந்தக் கண்ணு போச்சுன்னா என்னைய எவன் வேலைக்கு வச்சுப்பான்?

என் கூடப் படிச்சவன் ஒருத்தன் ஸ்ரீரங்கத்துல கண்ணாடிக் கடைல இருக்கான். கண்ணு டெஸ்ட் பண்ணன்னே நாலு வருஷம் காலேஜ்ல படிச்ச ஆப்டோமெட்ரிஸ்ட். எனக்கு மட்டும் 'அரை டாக்டர்'. ஒன்னாம் நம்பர் பஸ் ஏறி, காவேரிப் பாலத்துக் காத்துல கண்ணு ஒழுக ஒழுகப் போயி எறங்குனேன்.

"வாங்க சார், பவர் ஏறிருச்சா?"ன்னான்.

"மூடிக்கிட்டுப் பாருடா."

தாடைய வைக்கிற மெஷின்ல உக்கார வச்சு வெளிச்சத்த அடிச்சான். அப்பறம் சிரிப்பு நின்னுருச்சு.

"மச்சான், உள்ள விழுந்த இரும்புத் தூளு போயிருச்சு. துரு புடிச்சிருக்கு."

"எது?"

"உன் கண்ணு."

நான் டெய்லி துருவத் தேய்ச்சு ப்ரைமர் அடிக்கிறவன். என்கிட்டயே துருவா? கடைய வளக்க ஒரு கதை விடுறான்னுதான் நெனச்சேன். அவன் செல்போன மெஷின் கண்ணாடில ஒட்ட வச்சு போட்டோ எடுத்துக் காட்டுனான். கருவிழில சின்னதா ஒரு வளையம், பழைய கேட்டுக் கீல்ல இருக்குமே, அதே ஆரஞ்சு.

"சரி, எடு."

"நான் எடுக்கக் கூடாது. டாக்டர்கிட்ட போ. இன்னிக்கே போ."

"எடுக்கத் தெரியாதா?"

"தெரியும். காலேஜ்ல ஆட்டுக் கண்ணுல எடுத்திருக்கேன்."

"ஆடா? அது பிரியாணிக்குப் போற வழில உன்மேல கேஸ் போடாதுன்னு தெரிஞ்சு எடுத்திருக்க."

"சட்டத்துல இடமில்லடா. மரத்துப்போற சொட்டு மருந்து கூட நானா விட முடியாது. மாத்தணும்னு எங்க ஆளுங்க கேட்டுட்டுதான் இருக்காங்க."

எனக்குச் சந்தேகம் இன்னும் ஜாஸ்தியாச்சு. தீக்குச்சிக்குச் சட்டம் இல்ல. செல்போன் பாத்துக்கிட்டு மருந்து குடுக்குறவர யாரும் தடுக்கல. படிச்சவனுக்கு மட்டும் பூட்டா? "உனக்கு அங்க எவ்ளோ கமிஷன்?"னு கேட்டேன். அவன் ஆட்டோ கூப்புட்டான்.

ஆஸ்பத்திரில டாக்டர் மொதல்ல அந்தச் சொட்டு மருந்தப் பாத்து மூஞ்சியச் சுளிச்சாரு. "இத ஊத்துனா புண்ணு ஆறவே ஆறாது." குப்பையில போட்டாரு. அப்பறம் மரத்துப்போக மருந்து விட்டு, சின்ன மெஷின்ல துருவச் சொரண்டுனாரு. நான் கேட்டு தேய்க்கிற மாதிரியேதான். டீ ஆறுறதுக்குள்ள முடிஞ்சிருச்சு. இதுக்கா இவ்ளோ அலைச்சல்?

"இத கண்ணாடிக் கடைலயே எடுத்திருக்கலாமா சார்?"

கையத் தொடச்சுக்கிட்டே சொன்னாரு. "நல்லாப் பழகுனவன்னா எடுக்கலாம். பழகாம எடுத்தா தழும்பு கண்ணு பாப்பாவுக்கு நேரா விழும். அப்பறம் நானும் ஒன்னும் பண்ண முடியாது."

அவன் சொல்றதும் ஞாயமா இருக்கு, இவரு சொல்றதும் ஞாயமா இருக்கு. அதான் எனக்குச் சந்தேகமே. ரெண்டு பேரும் என் கண்ணப் பத்திப் பேசுறாங்களா, அவங்க கடையப் பத்திப் பேசுறாங்களா? சட்டம் வந்துருச்சுன்னு வைங்க, துருவ எடுத்தவன் கையோட ஒரு கூலிங் கிளாஸையும் தலைல கட்டிட மாட்டான்னு என்ன நிச்சயம்?

டாக்டர் கண்ணுல போட்ட கட்டப் பிரிச்ச அன்னிக்கு நேராப் பட்டறைக்குத்தான் போனேன். கம்பியத் தூக்கி இடது கண்ண மூடுனேன். ஒரே கம்பி. நடுவுல லேசா ஒரு கோணல், அதுவும் தெரிஞ்சுச்சு. அண்ணன் தீப்பெட்டியத் தட்டிக்கிட்டே, "நான் எடுத்தது அப்பவே வந்துருச்சுடா"ன்னாரு. நான் கண்ணாடிய நெத்தியில இருந்து எறக்கி மாட்டிக்கிட்டேன்.

மத்தியானம் சாப்புடும்போது அரை டாக்டருக்கு மெசேஜ் போட்டேன்: "நாளைக்கே சட்டம் வந்துருச்சுன்னா, நீயே என் கண்ணுல கை வைப்பியாடா? உண்மையச் சொல்லு."

அனுப்புன கையோட எனக்கு மறுபடியும் சந்தேகம் வந்துருச்சு. சோத்து டப்பாவக் கழுவிட்டு வந்து பாத்தா பதில் கெடந்துச்சு:

"வைப்பேன், ஆனா நீ அந்த ஆடு மாதிரி வாயத் தொறக்காம இருக்கணும்."