காதை மட்டும் குணமாக்காதேயும் ஆண்டவரே

காது கேட்க வேண்டும் என்றுதான் எல்லாரும் ஜெபிப்பார்கள். கேட்கக் கூடாது என்று ஜெபித்தவன் நான் ஒருத்தன்தான். வெட்கத்தோடு எழுதுகிறேன்.

ராணுவத்தில் நான் பீரங்கிப் பிரிவு. வேலையை விட்டு வரும்போதே இரண்டு காதும் மந்தம். ஊனமுற்றோர் பென்ஷன் கேட்டேன், இல்லை என்றார்கள். வழக்குப் போட்டேன். அதற்குள் நெருப்பெரிச்சல் என்ற ஊரில், பனியன் துணி பின்னும் ஒரு நிட்டிங் கம்பெனியில் சேர்ந்திருந்தேன். அரசு வக்கீலுக்கு அது போதுமாக இருந்தது. காதைக் கெடுத்தது பீரங்கி இல்லை, நிட்டிங் மெஷின் என்று வாதாடினார். அவர் பேசிய விதத்தில் எனக்கே மெஷின்மேல் சந்தேகம் வந்துவிட்டது. ராணுவத்தில் கடைசியாக எடுத்த காது டெஸ்ட் தாளையும் காணோம் என்றார்கள். என் மனைவி எஸ்தர் முதுகுவலியோடு தினமும் ஓவர்டைம் தைத்துக்கொண்டிருந்தாள். நான் நொந்து போனேன்.

புதிதாக ஒரு டெஸ்ட் எடுக்கச் சொல்லி தீர்ப்பாயம் உத்தரவிட்டது. டெஸ்டுக்குள் காது குணமாகிவிடும் என்று எங்கள் சபையாருக்கு ஒரே உற்சாகம். வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் என் காதில் கை வைத்து உருக்கமாக ஜெபித்தார்கள். நானோ காதை மட்டும் குணமாக்காதேயும் ஆண்டவரே என்று உள்ளுக்குள் ஜெபித்தேன். குணமாகிவிட்டால் கேஸ் என்ன ஆவது? மெல்லத் தலையை நகர்த்திக்கொண்டேன்.

கம்பெனி சூப்பர்வைசர் வேறு வழி சொன்னார். "டெஸ்ட்ல சத்தம் கேட்டாலும் பட்டனை அமுக்காதீங்கண்ணா. முழுச் செவுடுன்னே எழுதிப் போடுவாங்க."

எஸ்தரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

"ஏங்க, குணமாக்குறவருக்கு உங்க கேஸை நடத்தத் தெரியாதாக்கும்? கேக்குறத கேக்குதுன்னு சொல்லுங்க. மத்தத அவரு பாத்துக்கிடுவாரு."

என் வீட்டில் ரகசியம் பேச முடியாது. பக்கத்து வீட்டு அக்காவும் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து ஆமாங்க என்றார்.

டெஸ்ட் அறையில் ஹெட்போன் மாட்டினார்கள். தூரத்துக் கொசு மாதிரி ஒரு சத்தம். விரல் அசையவில்லை. ஆண்டவரே, பயமாயிருக்கிறது, நீரே அமுக்க வையும் என்றேன். அமுக்கினேன். கேட்டதற்கெல்லாம் அமுக்கினேன். கேஸ் போச்சு என்று நினைத்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன்.

அடுத்த வாய்தாவில், காணாமல் போன அந்தப் பழைய தாளை அரசுத் தரப்பே கொண்டுவந்து கொடுத்தது. பழையதும் புதியதும் ஒரே அளவு. ராணுவத்திலேயே கெட்ட காது, மெஷின் ஒன்றும் செய்யவில்லை என்று தெளிவாகிவிட்டது. நான் நடித்திருந்தால் புதிய தாள் மோசமாக வந்திருக்கும், பழி மெஷின்மேல் போயிருக்கும், என் கேஸும் அதோடு போயிருக்கும். கோர்ட்டிலேயே அழுதேன்.

பென்ஷன் வந்தது. எஸ்தர் ஓவர்டைமை நிறுத்திவிட்டாள். காது கேட்கும் மெஷினும் மாட்டியாயிற்று. இத்தனை வருடமாகப் பிரசங்கத்தில் எந்தெந்த இடத்தில் ஆமென் சொல்லியிருக்கிறேன் என்று இப்போதுதான் புரிகிறது.

வழக்கோடும் வியாதியோடும் காத்திருக்கிறவர்களே, உண்மையைச் சொல்லிவிட்டு அவரிடம் விட்டுவிடுங்கள். பயந்துகொண்டேயாவது வாருங்கள். நானும் அப்படித்தான் போனேன்.