பேர் தெரியாத மஞ்சள் பலகை

அப்போது எங்களுக்கு ஓர் அலமாரி தேவைப்பட்டது. வில்லியனூருக்குப் பக்கத்து கிராமம் ஒன்றில் நான் ஆரம்பப் பள்ளி ஆசிரியை. பிள்ளைகளின் நோட்டுகள் வீட்டில் அரிசி மூட்டை மேலேயே கிடக்கும். எலி கடித்த நோட்டைத் திருத்திக் கொடுக்கக் கூச்சமாக இருந்தது. எழுபதுகளின் கடைசி என்று நினைவு.

என் கணவருக்கு டவுனில் வேலை. அங்கே ஒரு பழைய வீட்டை இடித்துக்கொண்டிருந்தார்கள். வீட்டுக்காரர்கள் பிரான்சுக்குப் போய்ப் பல வருடம் ஆகியிருந்தது. இடித்த மேஸ்திரி இவருக்குப் பழக்கம் என்பதால் ஒரு நாள் மாட்டுவண்டியில் எட்டுப் பலகைகள் எங்கள் வாசலில் வந்து இறங்கின. எல்லாவற்றின் மேலும் கருத்துப்போன வார்னிஷ். தேக்கா என்று கேட்டேன். தேக்காகத்தான் இருக்கும் என்றார். அதற்கு மேல் நாங்கள் யோசிக்கவில்லை.

அடுத்த ஊரிலிருந்து ஒரு தச்சர் வந்தார். மாதா கோயில் இருக்கும் ஊர் அது. ஞாயிறு பூசைக்குப் பிறகுகூட வேலைக்கு வரமாட்டார். நாற்பது வயதிருக்கும். முதல் பலகையில் நாலு இழைப்பு இழைத்ததுமே என்னைக் கூப்பிட்டார்.

“டீச்சர், இங்க வந்து பாருங்க.”

கறுப்புக்கு அடியில் பொன் மஞ்சள். பலகையைச் சாய்த்தால் பட்டுப்புடவையை விரித்தது போல் வெளிச்சம் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் ஓடியது.

“தேக்கு இல்ல. பலாவும் இல்ல, பலா இத்தினி வருசத்துல செவந்து கருத்திருக்கும். இருவது வருசமா வேல பண்றேன், இது இன்னான்னு தெர்ல.”

மோந்து பார்த்தார். நாக்கு நுனியால் தொட்டுப் பார்த்தார். தெரியாதது அவருக்குப் பிடிக்கவில்லை. ஆனால் மரம் பிடித்திருந்தது. அன்று சாப்பாட்டுக்குக்கூட நேரத்துக்கு எழவில்லை.

மூன்றாம் நாள் கண் அரிக்கிறது என்றார், தூசியாக இருக்கும் என்றும் அவரே சொல்லிக்கொண்டார். நான்காம் நாள் வரவில்லை. ஐந்தாம் நாள் காலை நான் பள்ளிக்குக் கிளம்பும்போது அவர் மனைவி வந்து நின்றார்.

“இன்னா மரம் குடுத்தீங்க டீச்சர்? எங்க வூட்டுக்காரருக்குக் கண்ணே தொறக்கல. பாழடஞ்ச வூட்டுப் பலகையாமே? அந்த வூட்ல யாரோ தூக்கு மாட்டிக்கினாங்கன்னு சொல்றாங்க.”

எனக்கு அப்படி எதுவும் தெரியாது என்றேன். உடனே அவரோடு போனேன். தச்சரின் இமைகள் இரண்டும் உப்பி மூடியிருந்தன. முழங்கை வரை சின்னச் சின்னக் கொப்புளங்கள், சில உடைந்து நீர் வடிந்தன. ரிக்‌ஷாவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். டாக்டர் பார்த்துவிட்டு, என்ன மரத்தில் வேலை செய்தார் என்று கேட்டார். பழைய வீட்டுப் பலகை என்று மட்டும்தான் என்னால் சொல்ல முடிந்தது.

“தெரிஞ்சா நல்லது. திரும்ப அதத் தொடாம இருக்கலாம்” என்று சொல்லிக் களிம்பு எழுதிக் கொடுத்தார்.

சனிக்கிழமை ஒரு முழத் துண்டைப் பேப்பரில் சுற்றிக்கொண்டு வில்லியனூர் மரவாடிக்குப் போனேன். முதலாளி வயதானவர், அப்பா காலத்திலிருந்து அதே தொழில். மரம் என்னவென்று தெரிய வேண்டும் என்பதைத் தவிர நான் எதுவும் சொல்லவில்லை. அவர் முனையைக் கத்தியால் சீவி, எச்சில் தடவி, கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு பார்த்தார். பிறகு வெயிலுக்குக் கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிக் காட்டினார்.

“வரி ஒண்ணு இப்படிப் போவுது, பக்கத்து வரி எதிர்ல போவுது. அதான் மின்னுது. தேக்குன்னா ஊசி குத்தின மாதிரி ஓட்ட கண்ணுக்கே தெரியும். இதுல தெரியுதா? தெரியல. கனமும் ஜாஸ்தி.” சீவிய முனையை மறுபடி கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனார். “பாத்தா முதிரை மாதிரி கீது. ஆனா பழைய மரம், பாத்து மட்டும் அடிச்சிச் சொல்ல மாட்டேன். இழச்ச ஆளுக்குக் கை அரிச்சிதாம்மா?”

நான் சொல்லாததை அவரே கேட்டார்.

“அரிச்சிது. கொப்புளம்கூட வந்துடுச்சி. கண்ணும் வீங்கிடுச்சி.”

“அப்ப முதிரைதான். அதோட தூள் அப்பிடி. எல்லாருக்கும் அரிக்காது, சில பேருக்குத்தான். அரிச்சவங்க மறுபடி கிட்டயே போவக் கூடாது.”

நேராகத் தச்சர் வீட்டுக்குப் போனேன். பெரிய பாரம் இறங்கிய மாதிரி இருந்தது. கண்டுபிடித்துவிட்டேன் என்று கொஞ்சம் பெருமையும் இருந்தது. “அப்ப பேய் கீய் ஒண்ணும் இல்லியே?” என்று கேட்டு அந்த அம்மாள் சிலுவை போட்டுக்கொண்டார். தச்சர் “முதிரை, முதிரை” என்று இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார்.

இரண்டு வாரத்தில் தோல் உரிந்து குணமானார். கையில் துணி சுற்றிக்கொண்டு மிச்ச வேலையை முடிக்கிறேன் என்றார். அவர் மனைவியும் நானும் ஒரே குரலில் வேண்டாம் என்றோம். என் கணவர் கரிக்கலாம்பாக்கத்திலிருந்து வேறொரு தச்சரைக் கூட்டி வந்தார். அவர் சட்டையில்லாமல், உடம்பெல்லாம் மஞ்சள் மரத்தூளோடு ஆறு நாள் வேலை செய்து அலமாரியை முடித்தார். அவருக்கு ஒரு சின்னத் தடிப்புகூட வரவில்லை.

வினை அங்கேதான் ஆரம்பித்தது. “அவுருக்கு ஒண்ணும் ஆவல, இவுருக்கு மட்டும் இன்னாவாம்?” என்று ஊரில் பேசினார்கள். வேலைக்கு உடம்பு வணங்காதவர் என்றார்கள் சிலர், குடித்த மூஞ்சி வீங்கியது என்றார்கள் சிலர். மரவாடிக்காரர் சொன்னதை நான் பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னேன். தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்கள், பேச்சு மட்டும் நிற்கவில்லை. முதல் தச்சருக்கென்று சொல்லி வைத்திருந்த ஒரு வாசக்கால் வேலையும் கரிக்கலாம்பாக்கத்துக்காரருக்கே போனது.

“பேரு கண்டுபுடிச்சி இன்னா ஆச்சி? நாம வேற ஆள வெச்சிருக்கக் கூடாது” என்றார் என் கணவர். ஆளைக் கூட்டி வந்தது அவர்தான். வேண்டாம் என்று நானும் சொல்லவில்லை.

ஒரு சாயங்காலம் முதல் தச்சர் வந்தார். அலமாரியைப் பார்க்க வேண்டும் என்றார். துண்டைக் கையில் சுற்றிக்கொண்டு கதவைத் திறந்து மூடினார், மறுபடி திறந்து மூடினார்.

“கதவு சரியா உக்காரல, டீச்சர்.”

“நீங்க சொன்னா செஞ்சவருகிட்ட சொல்லிச் சரி பண்ணிடலாம்.”

“ஒங்க வூட்டு அலமாரி, ஒங்க இஷ்டம்” என்று சொல்லிவிட்டுக் காபி குடிக்காமல் கிளம்பிவிட்டார். அவர் போனபின் நானும் திறந்து மூடிப் பார்த்தேன். சரியாகத்தான் உட்கார்ந்தது.

அதற்குப் பிறகு அவர் எங்கள் வீட்டுக்கு வரவில்லை. சில வருடங்கள் கழித்து அவர் மனைவியை வில்லியனூர் பஸ் ஸ்டாப்பில் பார்த்தேன். தச்சர் இப்போது திருவாண்டார்கோயில் பக்கம் ஒரு கம்பெனியில் பேக்கிங் பெட்டி அடிக்கிற வேலையில் இருக்கிறாராம்.

“கையெல்லாம் நல்லா இருக்குதா?”

“கை நல்லாத்தான் இருக்குது டீச்சர். இதுவும் ஒரு மரமான்னு அந்தப் பொட்டிப் பலகையத்தான் தெனம் வந்து திட்டுவாரு” என்றார். அவருடைய பஸ் வந்துவிட்டது.